மன்னிச்சாச்சு, ஆனா கை நடுங்குது: விசுவாசம் குறைவோ?

கேள்வி, 8 மார்ச் 2025

எனக்கு 27 வயது, யாழ்ப்பாணம். கனடாவில இருக்கிறவரோட போன வருசம் எழுத்து (பதிவுக் கலியாணம்) முடிஞ்சுது. சேர்ச் கலியாணம் இன்னும் நடக்கேல்லை. எழுத்து முடிஞ்ச நாளில இருந்து வீடியோ கோலை நிப்பாட்ட விடமாட்டார். நித்திரை கொள்ளேக்கையும் போன் முகத்துக்கு நேர இருக்கவேணும். ரியூசன் குடுக்கப் போனால் லொக்கேசன் அனுப்பவேணும். பதில் பிந்தினால் தூசணம், பிறகு அழுகை, பிறகு ஒரு வேதவசனம் அனுப்புவார். தை மாசத்தோட கதைக்கிறதை நிப்பாட்டிட்டன். மன்னிச்சு அவருக்காக ஜெபிக்கிறன். ஆனா அவற்ற பேர் போன்ல வந்தால் கை நடுங்குது, வயிறு கலங்குது. எங்கட பாஸ்டர் 1 யோவான் 4:18 ஐக் காட்டி, "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும், நீ உண்மையா மன்னிச்சிருந்தால் பயம் இராது, எடுத்துக் கதை" எண்டுறார். என்ர மன்னிப்பு பொய்யோ? பட்டறிஞ்ச ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ.

9 மார்ச், இரவு

தங்கச்சி, பொய் இல்லை. முதல்ல அதைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றதெல்லாம்.

அந்த வசனத்துக்கு முதல் வசனத்தை வாசியுங்கோ. 17 ஆம் வசனம் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிக் கதைக்குது. கடைசி நாளில தேவனுக்கு முன்னால தைரியமா நிக்கலாம், ஏனெண்டால் அவர் எங்களில அன்பு வைச்சிருக்கிறார். யோவான் அதைத்தான் சொல்லுறார். ஒரு மனுசன் இரவிரவா உங்களைக் காவல் காத்ததால வந்த பயத்தைப் பற்றி அந்த அதிகாரத்தில ஒரு சொல்லும் இல்லை. நியாயத்தீர்ப்பைப் பற்றி எழுதினதைப் பிடுங்கி "போனை எடுத்துக் கதை" எண்டதோட ஒட்டிறது வேதத்தை வைச்சுச் செய்யிற அநியாயம். நான் இதை மெல்லமாச் சொல்ல விரும்பேல்லை.

கை நடுங்கிறது உடம்பு செய்யிற வேலை. எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குண்டு போட வாற கிபிர் விமானத்தின்ர சத்தத்துக்கு பங்கருக்குள்ள ஓடின ஆக்கள் நாங்கள். சண்டை 2009 இல முடிஞ்சுது. 2019 ஐப்பசியில பலாலி விமான நிலையம் திரும்பத் திறந்து பயணிகள் விமானம் வரத் துவங்கின நேரம், அது இரையிற சத்தம் கேட்டவுடன என்ர அம்மா புடைச்சுக்கொண்டிருந்த சுளகை அப்பிடியே வைச்சிட்டு முற்றத்துக்கு வந்து மேல பாத்துக்கொண்டு நிப்பா. ஞாயிறு ஆராதனை தவறாத மனுசி. அவவுக்கு விசுவாசம் காணாது எண்டு எந்தப் போதகரும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டினம். ஒருக்கா ஆபத்தெண்டு பழகின சத்தத்தை உடம்பு கனகாலத்துக்கு ஆபத்தெண்டுதான் கேக்கும். மனசு சமாதானமானாலும் அது பிந்தித்தான் வரும். உங்களுக்கு அந்தச் சத்தம் போன் றிங்.

ஆனபடியால் நடுக்கத்தை வைச்சு உங்கட மன்னிப்பை அளக்காதேங்கோ. மற்றது, மன்னிச்சதாலேயே போனை எடுக்கவேணும் எண்ட கடமையும் இல்லை. அதைப் பற்றி நிறைய எழுதக் கிடக்கு, இண்டைக்குக் கண் இழுக்குது.

10 மார்ச், விடிய

இரவு கேக்காமல் விட்டிட்டன்: ஒழுங்காச் சாப்பிடுறீங்களோ? நித்திரை வருதோ?

1 இராஜாக்கள் 19 ஐ எடுங்கோ. எலியா தீர்க்கதரிசி யேசபேல் ராணிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடிக்குக் கீழ இருந்து, "போதும் கர்த்தாவே" எண்டு சாவைக் கேக்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணேல்லை. தழலில சுட்ட அடையும் தண்ணியும் வைச்சு "எழுந்திருந்து சாப்பிடு" எண்டுது. சாப்பிட்டுத் திரும்பப் படுக்கிறார். இரண்டாந்தரமும் தட்டி எழுப்பிச் சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" எண்ட கேள்வி அதுக்குப் பிறகு, ஓரேபுக்கு நடந்து போய்ச் சேர்ந்தாப் பிறகுதான் வருது. (தட்டி எழுப்பிச் சாப்பாடு தீத்திற விசயத்தில எங்கட ஊர் அம்மாமார் தேவதூதரையும் வெல்லுவினம். உங்கட அம்மா புட்டும் கையுமாக் கலைச்சுக்கொண்டு திரிஞ்சால் ஓடாதேங்கோ.)

லெந்து காலமெண்டு ஆராவது உங்களை உபவாச ஜெபத்துக்கு இழுத்தால் இந்த வருசம் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஏற்கனவே சாப்பாடு இறங்காத உடம்பைப் பட்டினி போட வேண்டியதில்லை.

12 மார்ச்

மல்கியா 2:16 ஐயும் "ஏழெழுபது தரம்" எண்டதையும் போட்டுத் தங்கச்சியைத் திரும்பிப் போகச் சொன்ன அண்ணைக்கு.

"தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" எண்டதோட நிப்பாட்டிட்டீங்கள். வசனம் அங்க முடியேல்லை. கொடுமையைத் தன்ர வஸ்திரம் மாதிரிப் போத்துக்கொண்டு திரியிறவனைப் பற்றியும் அதே மூச்சில சொல்லி, துரோகம் பண்ணாதேங்கோ எண்டு எச்சரிச்சுத்தான் முடியுது. இரண்டு வசனத்துக்கு முன்னால, 14 இல, கர்த்தர் ஆம்பிளையளைப் பாத்துத்தான் கதைக்கிறார்: உன்ர தோழியும் உடன்படிக்கையின் மனைவியுமானவளுக்குத் துரோகம் செய்தாய் எண்டு. பெண்சாதியைக் கைவிட்ட ஆம்பிளையளுக்கு எழுதினதை, வதை தாங்கேலாமல் வெளிய வந்த பொம்பிளைக்கு வாசிச்சுக் காட்டுறது என்ன நியாயம் அண்ணை?

ஏழெழுபது தரம் மத்தேயு 18:22. சரி. அதே அதிகாரத்தில 15 இல இருந்து 17 வரைக்கும் என்ன இருக்கு? உன்ர சகோதரன் உனக்குக் குற்றஞ்செய்தால் போய்ச் சொல்லு. கேக்காட்டில் ஒண்டிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதுக்கும் கேக்காட்டில் சபைக்குச் சொல்லு. சபைக்கும் செவிகொடுக்காட்டில் அவன் உனக்கு ஆயக்காரனைப்போல, விலத்தி வைச்ச ஆள் மாதிரி, இருக்கட்டும். ஆண்டவர் இதைச் சொல்லி முடிச்சாப் பிறகுதான் பேதுரு எத்தினை தரம் எண்டு கேக்கிறார். எங்கட சபையள் 22 ஆம் வசனத்தைப் பாடமாக்கி வைச்சிருக்கு, 17 ஆம் வசனத்தை ஒருநாளும் நடத்திறதில்லை. குற்றஞ்செய்தவனைக் கூப்பிட்டு விசாரிச்ச சபையை என்ர வாழ்க்கையில நான் காணேல்லை. அழுதுகொண்டு வந்தவளைக் கூப்பிட்டுப் புத்தி சொன்ன சபைகள் கன கண்டிருக்கிறன்.

மன்னிச்சால் திரும்பிப் போகத்தான் வேணும் எண்டுறவைக்கு 1 சாமுவேல் 26. சவுல் ராசா தாவீதைக் கொல்லத் திரியிறான். தாவீதுக்கு அவனைக் குத்தச் சந்தர்ப்பம் கிடைச்சும் குத்தேல்லை, ஈட்டியையும் தண்ணிச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு போறான். மன்னிப்பு எண்டால் அதைவிட என்ன வேணும்? பிறகு அவன் எங்க நிண்டு கூப்பிடுறான் எண்டு பாருங்கோ: எதிர்ப்பக்க மலை உச்சியில, நடுவில பெரிய இடைவெளி விட்டு. சவுல் உருகிப்போய், "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா" எண்டுறான். தாவீது போகேல்லை. ஈட்டியைத் திருப்பிக் குடுக்கக்கூடத் தான் கொண்டுபோகேல்லை, ஒரு பெடியனை அனுப்பி வாங்குங்கோ எண்டுறான். அதிகாரம் முடியேக்க அவன் தன்ர வழியே போறான், சவுல் தன்ர இடத்துக்குப் போறான். இரண்டு அதிகாரத்துக்கு முன்னாலயும் சவுல் இப்பிடித்தான் சத்தமிட்டு அழுதவன். அழுகையைப் பாத்துத் தாவீது அண்டைக்கும் அரண்மனைக்குப் போகேல்லை, அரணான இடத்துக்குத்தான் போனான்.

இதை ஆரும் எனக்குப் பிரசங்கத்தில சொல்லித்தரேல்லை. இரவில நித்திரையில்லாமல் வாசிச்சுக் கண்டது.

12 மார்ச், பின்னேரம்

"அது உன்ர சிலுவை, சும" எண்டு எழுதின அன்ரிக்கு: லூக்கா 9:23 இல சிலுவை எடுக்கச் சொன்னது ஆண்டவருக்குப் பின்னால போறதுக்கு. ஒரு மனுசன்ர கோவத்துக்கும் தூசணத்துக்கும் சிலுவை எண்டு பேர் வைக்கிறதை அவர் எங்கயும் சொல்லித்தரேல்லை. நாசரேத்தில அவரை மலையில இருந்து தள்ளிவிழுத்தப் போகேக்க, அவர் அவையின்ர நடுவால விலகிப் போனவர்.

16 மார்ச், ஞாயிறு

என்ர கதையைக் கேட்டவைக்காகக் கொஞ்சம்.

அந்த ஆள், என்ர புருசன், குடிக்கிறதில்லை. சபையில நல்ல பேர், பாட்டு நடத்துவார். ஒவ்வொரு இரவும் குடும்ப ஜெபம். பாயில சுத்தி இருந்து கை கோத்துக்கொண்டு இருப்பம், பிள்ளையள் இரண்டு பக்கமும். கண்ணை மூடிக்கொண்டு அவர் ஆண்டவருக்கு என்னைப் பற்றிச் சொல்லத் துவங்குவார். "கர்த்தாவே, இந்த வீட்டில அடங்காத ஒரு ஆவி இருக்கு. மீன்காரனோட சிரிச்சுக் கதைக்கிற கண்ணைச் சந்தியும். தாய் வீட்டை நினைக்கிற இருதயத்தை உடையும்." குரல் உயராது. என்ர கையை மட்டும் நெரிச்சுக்கொண்டே போவார், மோதிரம் விரலுக்குள்ள இறங்கும். கடைசியில எல்லாரும் ஆமென் சொல்லவேணும். என்ர ஆமென் மெதுவா வந்தால் திரும்ப முதல்ல இருந்து.

சம்பளக் காட் அவரிட்ட. சந்தைக்குப் போய் வந்தால் மிச்சக் காசைக் கொப்பியில எழுதவேணும். பின்னேரம் மோட்டார்சைக்கிள் வந்து ஸ்ராண்ட் தட்டிற சத்தத்தில அவர் எந்த மனநிலையில வாறார் எண்டு எனக்கும் பிள்ளையளுக்கும் தெரியும்.

அடிச்சது குறைவு. அதாலதான் வருசக்கணக்கா எனக்கே இதுக்குப் பேர் வைக்க வரேல்லை. சபையில சொன்னன். "நல்ல மனுசன், ஜெபிக்கிற மனுசன், நீ கொஞ்சம் அடங்கிப் பார்" எண்டினம்.

வெளிய வந்து அம்மா வீட்டில இருக்கேக்க நான் எதிர்பாராத ஒண்டு நடந்தது. ஜெபிக்கக் கண்ணை மூடினால் அவற்ற குரல் கேக்குது. "கர்த்தாவே" எண்டு நான் துவங்கினால் மிச்சத்தை அவர் சொல்லுறார். எனக்கு நகை பறிபோனதையும் காணி இழுபட்டதையும்விட இதுதான் பெரிய இழப்பு. ஆண்டவரோட கதைக்கிற வழியை அந்த ஆள் அடைச்சுப்போட்டார்.

கேள்வி கேட்ட தங்கச்சி, அவர் உங்களுக்கு வசனம் அனுப்புறவர் எண்டு எழுதினதை வாசிச்சவுடன எனக்கு நெஞ்சு அடைச்சுது. நான் இவ்வளவு நீட்டி எழுதிறதுக்குக் காரணம் அந்த ஒரு வரி.

17 மார்ச்

நேற்று எழுதினதைத் திரும்ப வாசிச்சன். ஒண்டு சேர்க்கவேணும், ஏனெண்டால் இஞ்ச ஒரு தம்பி "அப்ப சண்டை வாற எல்லா வீட்டையும் விட்டிட்டுப் போகச் சொல்லுறீங்களோ" எண்டு கேட்டிருக்கிறார்.

இல்லைத் தம்பி. சண்டை எல்லா வீட்டிலயும் வரும். சண்டை பிடிச்சிட்டு இரண்டு பேரும் நித்திரை கொள்ளலாம், மறுத்துக் கதைக்கலாம், மற்றாள் பிழையை ஒத்துக்கொள்ளும், காசு கேக்கலாம், தாய் வீட்டுக்குப் போகலாம் எண்டால் அது குடும்பம். அதுக்குப் பொறுமையும் மன்னிப்பும் வேணும், அங்க ஏழெழுபது தரம் சரி. ஒராள் மட்டும் எப்பவும் பயந்து, மற்றாளின்ர முகத்தைப் பாத்துத் தன்ர மூச்சையும் அளந்து விடுற வீடு வேற. அங்க பொறுமை சொல்லிக்குடுக்கிறது அவனுக்குத்தான் உதவும்.

எபேசியர் 5:22 ஐ எடுத்துக்கொண்டு வருவினம். 21 இல ஒருவருக்கொருவர் கீழ்ப்படிங்கோ எண்டு இருக்கு. 25 இல புருசன் கிறிஸ்து சபைக்காகத் தன்னை ஒப்புக்கொடுத்த மாதிரி அன்பு கூரவேணும் எண்டு இருக்கு. மூண்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கோ.

20 மார்ச்

நடுக்கத்துக்கு என்ன செய்யிறது எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

நான் உளவளத்துணைக்கு, கவுன்சிலிங் எண்டுறதுக்குப் போனனான். சபையில சிலருக்கு அது பிடிக்கேல்லை, "ஆண்டவர் போதாதோ" எண்டினம். நீரிழிவுக்குக் கிளினிக் போற அதே ஆக்கள்தான். யாழ்ப்பாணத்தில இந்த வேலை போர்க் காயத்துக்குள்ள இருந்து வளந்தது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவை ஊர்ச் சனத்துக்கு மூச்சுப் பயிற்சியும் தசைத் தளர்வும் சொல்லிக்குடுக்கேக்க, அவரவர் சமயத்தில இருக்கிற மந்திரத்தையோ ஜெபத்தையோ திரும்பத் திரும்பச் சொல்லவும் சேர்த்துத்தான் சொல்லிக்குடுத்தவை. எனக்கும் அப்பிடி ஒண்டு கிடைச்சுது. மூச்சை எடுக்கேக்க "இயேசுவே", விடேக்க "எனக்கு இரங்கும்". கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டே. எரிகோ வழியில இருந்த குருடன் கத்தின ஜெபம்தான் அது. அவ்வளவு கட்டையா இருந்தபடியால் அந்த ஆளின்ர குரல் நுழைய அதில இடமில்லை.

சாந்திகம் எண்ட நிறுவனத்தில உளவளத்துணை இருக்கு. அரச வைத்தியசாலைகளில நட்பு நிலையம் எண்டு ஒரு பகுதி இருக்கு, வீட்டு வன்முறைக்கு உள்ளான பொம்பிளையளுக்கெண்டே வைச்சது. மனநல உதவிக்கு 1926. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938.

ஒண்டைக் கட்டாயம் சொல்லவேணும். ஆராவது உங்கட நடுக்கத்தைப் பாத்துப் பிசாசு எண்டு தலையில கை வைக்க வந்தால் எழும்பி வந்திடுங்கோ. சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிட்டாலும் இப்ப போகாதேங்கோ. ஆறாத காயத்தைச் சபைக்கு முன்னால திறந்து காட்டினால், அடுத்த கிழமை அது சந்தையில கதையாப் போகும்.

22 மார்ச்

சட்டம் கேட்டவைக்கு. நான் சட்டத்தரணி இல்லை, என்ர வழக்கால தெரிஞ்சது.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம், நீங்களும் கேக்கலாம், உங்களுக்காகப் பொலிசும் கேக்கலாம். முதல்ல இடைக்காலக் கட்டளை, 14 நாள் வரைக்கும். விசாரிச்ச பிறகு தாற கட்டளை 12 மாசம் வரைக்கும். வீட்டுக்கு வரக்கூடாது, பின்தொடரக்கூடாது, தொடர்புகொள்ளக்கூடாது எண்டு போடலாம். அடி மட்டும் இல்லை, திரும்பத் திரும்பச் செய்யிற கடுமையான மனவதையும் அந்தச் சட்டத்துக்குள்ள வருது. புருசன் மட்டுமில்லை, பழைய புருசன், மாமி, மாமா, சொந்தத் தாய் தகப்பன்கூட வருவினம். மீறினால் ஒரு வருசம் வரைக்கும் மறியல் (சிறை) இருக்கலாம்.

மேல ஒரு அக்கா "பாதுகாப்புக் கட்டளை எடுத்தால் டிவோர்ஸ் ஆன மாதிரி" எண்டு எழுதினவ. இல்லை அக்கா, இரண்டும் வேற. கலியாணம் அப்பிடியே இருக்கும். டிவோர்ஸ் மாவட்ட நீதிமன்றத்தில. எங்கட பொதுச் சட்டத்தில காரணம் மூண்டுதான்: விபசாரம், வேணுமெண்டு கைவிடுதல், தீர்க்கேலாத ஆண்மைக்குறைவு. கொடுமை எண்டு தனிக் காரணம் இல்லை. கொடுமையால வீட்டை விட்டு வெளியேற வைச்சதையும் கைவிட்டதாக் காட்டித்தான் வழக்குப் போடுறது. அதுக்கு ஆதாரம் வேணும். ஆனபடியால் தங்கச்சி, அவற்ற வொயிஸ் மெசேஜ் ஒண்டையும் அழிக்காதேங்கோ. திரும்பக் கேக்கவும் வேண்டாம். நம்பிக்கையான ஒராளின்ர போனுக்கு அனுப்பி வைச்சிடுங்கோ.

எழுத்து முடிஞ்சால் சட்டப்படி கலியாணம் முடிஞ்சுது, சேர்ச்சில நடக்காட்டிலும். ஆனா போதகர் "தேவ சமூகத்தில பண்ணின உடன்படிக்கை" எண்டு சொல்லேக்க, அந்த உடன்படிக்கையை நீங்கள் பீடத்துக்கு முன்னால இன்னும் சொல்லவே இல்லை எண்டதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கோ.

23 மார்ச்

குருநகர்த் தம்பி, கத்தோலிக்கத்தில பிரியவே ஏலாது எண்டு உங்கட அக்காவுக்குச் சொன்னவை சரியாச் சொல்லேல்லை. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில 1153 ஆம் பிரிவைப் பங்குத்தந்தையிட்டக் கேளுங்கோ. துணைக்கோ பிள்ளையளுக்கோ மனசளவிலயோ உடலளவிலயோ பாரதூரமான ஆபத்து வந்தால் பிரிஞ்சிருக்க அது நியாயமான காரணம். மறைமாவட்ட அதிகாரியின்ர ஆணையோட பிரியலாம், பிந்தினால் ஆபத்தெண்டால் தானாகவே பிரியலாம். கலியாணக் கட்டு அப்பவும் இருக்கும். அந்தக் கலியாணம் துவக்கத்திலேயே செல்லுபடியாகேல்லை எண்டு தீர்ப்புக் கேக்கிறது வேற வழி, அதையும் 2015 இல பாப்பரசர் பிரான்சிஸ் இலகுவாக்கினவர், இரண்டாவது நீதிமன்றமும் உறுதிப்படுத்தவேணும் எண்டதை எடுத்துவிட்டார்.

அக்கா நற்கருணை வாங்கலாமோ எண்டு கேட்டீங்கள். பிரிஞ்சு தனிய இருக்கிறது அதுக்குத் தடை இல்லை.

30 மார்ச்

சாராயின்ர கொடுமை தாங்கேலாமல் ஓடின அடிமைப் பெண் ஆகாரைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டிருக்கு: ஆதியாகமம் 16 இல கர்த்தருடைய தூதன் "உன் நாச்சியாரிடம் திரும்பிப்போய் அவளுக்கு அடங்கியிரு" எண்டுதானே சொல்லுது?

கிழமை முழுக்க இது என்ர தலைக்குள்ள. எனக்கு உண்மையாக் கஷ்டமான பகுதி, பூசி மெழுக மாட்டன். வயித்தில பிள்ளையோட வனாந்தரத்தில ஒருத்தி, ஒருதரும் இல்லை. அண்டைக்கு அவள் உயிர் தப்ப அந்தக் கூடாரம் ஒண்டுதான் இருந்தது எண்டு நான் வாசிக்கிறன். சாராய் செய்தது சரி எண்டு தூதன் சொல்லேல்லை. "உன்ர அங்கலாய்ப்பைக் கர்த்தர் கேட்டார்" எண்டு சொல்லுது.

21 ஆம் அதிகாரத்தில அவள் திரும்பவும் வனாந்தரத்தில, இந்தத் தரம் பெடியனோட, துருத்தியில தண்ணி முடிஞ்சு. அப்ப தேவன் "திரும்பிப் போ" எண்டு சொல்லேல்லை. கண்ணைத் திறந்து துரவைக் காட்டுறார். அவள் அங்கயே பிள்ளையை வளர்க்கிறாள். 16 ஐப் பிரசங்கம் பண்ணுறவை 21 ஐயும் பண்ணட்டும். எங்களிட்டத் துரவு இருக்கு. தாய் வீடு இருக்கு, சம்பளம் இருக்கு, சட்டம் இருக்கு. இல்லாத பிள்ளையளுக்கு அதைக் காட்டிக்குடுக்கிறது சபையின்ர வேலை.

5 ஏப்ரல்

கதை காணிக்குப் போட்டுது, பறுவாயில்லை, இதுவும் காயத்தோட சேர்ந்ததுதான்.

வடக்கில தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம்) எங்களுக்கும் பொருந்தும், வேதக்காரர் எண்டதால விலக்கு இல்லை. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி கலியாணம் முடிச்ச பொம்பிளை தன்ர சீதனக் காணியை விக்கிறதெண்டாலும் புருசன்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும். பிரிஞ்சிருக்கிறவள் மாவட்ட நீதிமன்றத்தில அனுமதி கேக்கலாம், ஆனா அலையவேணும். அம்மம்மா எனக்குத் தந்த இரண்டு பரப்புக் காணிக்கு, என்னைப் பாயில இருத்தி நெரிச்ச கையின்ர கையெழுத்து வேணுமாம். மன்னிச்ச மனசோட அந்தக் கந்தோருக்குள்ள போய்ப் பாருங்கோ, அப்ப தெரியும் மன்னிப்பு ஒருநாள் வேலை இல்லையெண்டு. நான் ஒவ்வொரு தவணைக்கும் திரும்ப மன்னிக்கவேண்டிக் கிடந்தது. ஏழெழுபது தரம் எண்டதை நான் எனக்கு விளங்கிக்கொண்டது அப்பிடித்தான்: ஒரே குற்றத்தைத்தான் திரும்பத் திரும்ப மன்னிக்கிறம், அது ஞாபகத்தில எழும்பிற ஒவ்வொரு தரமும்.

"விட்டுக்குடுத்து ஆண்டவரிட்ட ஒப்படை" எண்டினம். நான் விட்டுக்குடுக்கேல்லை. காணி பிள்ளையளுக்கு.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

ஜெபம் எனக்குத் திரும்ப எப்பிடி வந்தது எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

சங்கீதம் 55 ஆல வந்தது. என்னை நிந்திச்சவன் சத்துரு இல்லை, சத்துரு எண்டால் சகிப்பன். எனக்குச் சமமான மனுசனும் தோழனுமான நீதான், நாங்கள் சேர்ந்து தேவாலயத்துக்குப் போனவை எண்டு அதில வருது. அவன்ர வாய்ச் சொல் வெண்ணெய் மாதிரி, இருதயமோ யுத்தம் எண்டும் வருது. வாசிச்சிட்டு அடுப்படியிலேயே இருந்து அழுதன். என்ர வீட்டுப் பாயில நடந்தது வேதத்துக்குள்ளயே எழுதிக் கிடக்குது. நல்ல மனுசன், ஜெபிக்கிற மனுசன் எண்டு சொல்லாமல், ஆண்டவருக்கு முன்னால உள்ளதை உள்ளபடி ஒருத்தன் முறைப்பட்டிருக்கிறான். அண்டையில இருந்து எனக்குச் சொந்தமாச் சொல் வராட்டில் சங்கீதத்தை வாசிப்பன். குரல் எழுப்பி வாசிப்பன், என்ர குரலில.

அந்தச் சபைக்கு நான் பிறகு போகேல்லை. அந்த ஆளுக்குப் பக்கத்தில முழங்கால் நிண்டு திருவிருந்து எடுக்க ஏலாமல் இருந்தது. "காணிக்கையைப் பலிபீடத்தில வைச்சிட்டுப் போய் ஒப்புரவாகு" எண்டு மத்தேயு 5 ஐச் சொன்னவை. "உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" எண்டு அதில இருக்கு. ஆரில குறை இருக்கோ அவன் போகவேணும். வேற ஊரில ஒரு சின்னச் சபையில கதவுக்குக் கிட்டக் கடைசி வாங்கில இருந்தன். ஜெபத்தில கண்ணை மூடாமல் இருக்கிறதை அங்க ஒருதரும் கேக்கேல்லை.

19 ஏப்ரல்

நேற்றுப் பெரிய வெள்ளி. பின்னேரம் கத்தோலிக்கச் சிநேகிதி ஒருத்தியோட அவையின்ர கோயிலுக்குப் போனன், வியாகுலப் பிரசங்கம் படிச்சினம். வயசான அம்மாமார் நெஞ்சில அடிச்சு அழுகினம். ஆண்டவற்ற காயத்துக்கு மணித்தியாலக் கணக்கா அழத் தெரிஞ்ச எங்கட சனத்துக்கு, பக்கத்து வாங்கில இருக்கிற பிள்ளையின்ர காயத்தைக் கேக்கவும் தெரியும். ஆனா அதுக்கு இடம் குடுக்கிறதில்லை. 2019 இல தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் செய்த பெண்கள் நல்வாழ்வு ஆய்வில, துணையோட வாழ்ந்த பொம்பிளையளில ஐஞ்சில ஒருத்தி வாழ்க்கையில ஒருக்காவாவது துணையால உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ பட்டிருக்கிறாள். எந்தச் சபையிலயும் வாங்கில் வாங்கிலா எண்ணிப் பாருங்கோ.

24 ஏப்ரல்

தங்கச்சி, உங்கட புது மெசேஜைப் பாத்தன். வைகாசியில அவர் வாறார், போதகர் தன்ர வீட்டில இரண்டு பேரையும் இருத்திக் கதைக்கப் போறார், "தனிய வா, தாய் தகப்பன் வேண்டாம்" எண்டவர்.

தனியப் போகாதேங்கோ. ஒரே மேசையில இருத்திக் கதைக்கிறது இரண்டு பேரும் பயமில்லாமல் வாய் திறக்கக்கூடிய இடத்தில சரி. உங்களுக்கு அவர் பேர் கண்டாலே கை நடுங்குது, நீங்கள் அங்க என்ன சொல்லுவீங்கள்? அவர் அழுவார், நீங்கள் ஆமென் சொல்லிட்டு வருவீங்கள்.

போதகருக்கு எழுத்தில குடுங்கோ, ஐந்தாறு வரி போதும். "ஐயா, நான் அவரை மன்னிச்சிருக்கிறன். அவரைச் சந்திக்க நான் இப்ப ஆயத்தமில்லை. கதைக்கவேணும் எண்டால் மத்தேயு 18:16 இன்படி சாட்சிகளோட, என்ர மாமாவும் நான் சொல்லுற ஒரு அக்காவும் இருக்க, சபை மண்டபத்தில. அவர் எனக்கு அனுப்பின மெசேஜுகளை நீங்கள் முதல்ல வாசிக்கவேணும்." மாமா எண்டு போட்டது, நீங்கள் மெசேஜில அம்மாவின்ர தம்பிதான் உங்கட பக்கம் நிண்டவர் எண்டு சொன்னபடியால்.

அவர் வந்து வீட்டு வாசல்ல நிண்டால் கேற்றைத் திறக்காமல் பொலிசுக்கு எடுங்கோ. பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்பவே சொல்லி வையுங்கோ.

கடிதத்தை எழுதி, குடுக்க முதல் எனக்குத் தனிய அனுப்புங்கோ. பேர்களை எடுத்திட்டு அனுப்புங்கோ. எனக்கு வழக்குப் பேசின சட்டத்தரணி அக்காவையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுறன், திங்கட்கிழமைக்கு முன்னம் பதில் தாறன் எண்டவ.